அசரீரி வாங்கிய ஸ்பீக்கர்

அந்தப் பட்டப்பெயர் ஒரு நோயாளி வைத்தது. முதுகுவலிக்காகப் படுத்திருந்த பெரியவர் ஒருவர், கட்டிலோர மேசையில் இருந்த போனிலிருந்து திடீரென்று தமிழ்க் குரல் வந்ததும் சிரித்துவிட்டார். "யாரும்மா நீ? ஆளைக் காணோம், அசரீரி மாதிரி வந்து பேசுறே?" என்றார். அந்த அழைப்பைத் தரம் பார்ப்பதற்காக நடுவில் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் அவள் அசரீரிதான்.

அவள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனையில் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு ஆங்கிலம் வராது என்றால் நடுவில் அவளைக் கூப்பிடுவார்கள். சில சமயம் வெறும் அழைப்பு. சில சமயம் டாக்டர், நோயாளியின் மகன், மருமகள் எல்லோரும் திரையில் உட்கார்ந்திருக்கும் வீடியோ மீட்டிங். எதுவாக இருந்தாலும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். "வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் பேசுறேன். நீங்க சொல்றதை அப்படியே டாக்டருக்குச் சொல்லுவேன். அவர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன்." பெயர் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்பது விதி.

இன்னொரு விதியும் உண்டு. 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று மொழிபெயர்க்கக் கூடாது. 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். அதனால் காலையில் முதல் அழைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கும். அடுத்ததில் ஏழு மாதக் கர்ப்பம். மத்தியானத்துக்குள் கண்புரை அறுவை முடிந்து, முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, நடுநடுவே டாக்டராகவும் மாறித் தனக்குத் தானே மாத்திரை எழுதிக்கொண்டிருப்பாள். "என் வீட்டுக்காரர் போனதிலேருந்து எனக்குத் தூக்கம் வர்றதில்ல" என்று ஒருத்தி அழுதபோது, அதே தழுதழுப்பைக் கொஞ்சம் குறைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தூக்கமும் நன்றாகவே வரும்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. வீடியோவில் பின்னால் எதுவும் தெரியக்கூடாது என்பதால் மேசையைக் கதவோரமாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் வருமாறு போட்டிருந்தாள். அந்தச் சுவரில் முன்பு ஒரு காலண்டர் தொங்கியது. அதையும் எடுத்துச் சமையலறையில் மாட்டிவிட்டாள். அம்மா இருந்தவரை மீட்டிங் நடக்கும்போது உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பார். இப்போது உள் அறைக் கதவு திறந்தே கிடக்கிறது.

காதில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மாலையில்தான் கழற்றுவாள். பல வருஷமாக அப்படி. முதலில் வலது காது அரித்தது. பிறகு ஈரமானது. ஒரு நாள் தலையணையில் கறை. காது டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காதைப் பூட்டிச் சீல் வச்ச மாதிரி வச்சிருக்கீங்க. காது ஆறணும்னா காத்துப் படணும். ஹெட்செட்டை எடுத்துப் பரண்ல போடுங்க. சின்னதா காதுக்குள்ள வைக்கிறதும் வேணாம். பல மாசம் ஆகும்."

அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த அம்மா எப்போதும் உற்சாகமாக இருப்பவர்.

"அட, இதுக்கா இவ்ளோ வருத்தம்? மேசையில வைக்கிற ஸ்பீக்கர்போன் வாங்கிக்கோங்க. கைக்கு அடக்கமா வருது, எங்க வேணாலும் எடுத்துட்டுப் போகலாம். போன்ல இருக்கிற ஸ்பீக்கர் மட்டும் வேணாம், கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கும். ஆனா ஒரு ரூல் இருக்கு. நோயாளி பேசுறது இன்னொருத்தர் காதுல விழக் கூடாது. வீட்டுல வேற யார் இருக்கா?"

"யாரும் இல்ல மேடம்."

"பகல்ல வர்றவங்க? பக்கத்து வீட்டுக்காரங்க, வேலைக்கு வர்றவங்க?"

"இல்ல."

"சொந்தக்காரங்க யாராவது திடீர்னு கதவைத் தட்டிட்டு..."

"அப்படி யாரும் வர்றதில்ல மேடம்."

"அருமை! ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் அந்த அம்மா. மனப்பூர்வமாகவே சொன்னார். "மத்தவங்களுக்கு இந்த அனுமதி வாங்கிக் குடுக்கிறதுக்குள்ள நான் தலையால தண்ணி குடிக்கிறேன். ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்குக் கைக்குழந்தை, இன்னொருத்தி வீட்டுல மச்சான் சோபாவை விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல. உங்களுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. இப்பவே எழுதிடறேன்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒலிப் பரிசோதனை இருக்கும். அதுல பாஸ் ஆகணும். ஆகலைன்னா காது ஆறுற வரைக்கும் உங்களை டாக்குமென்ட் பக்கம் போட்டுடறேன். சம்பளம் அதேதான், கவலைப்படாதீங்க."

அவள் கவலைப்பட்டது சம்பளத்துக்காக இல்லை.

டாக்குமென்ட் பக்கம் என்றால் ஒப்புதல் படிவம், மருந்துச் சீட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பு எல்லாவற்றையும் திரையில் பார்த்துத் தமிழில் தட்டிக்கொண்டிருப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கொஞ்ச காலம் அங்கே போட்டிருந்தார்கள். அம்மா அப்போது அக்கா வீட்டில் இருந்தார். ஒரு நாள் மாலை பஸ்ஸில் நடத்துனர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டார். ஏதோ காற்றுதான் வந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை. அன்று முழுவதும், அதற்கு முந்தின நாள் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடத்துனர் அவளை ஊமை என்று நினைத்து, மிகவும் இரக்கத்தோடு, விரலால் ஒவ்வொரு நிறுத்தமாகக் காட்டிக் கேட்டார். அவளும் விரலால் காட்டி இறங்கினாள்.

இப்போது வீட்டில் அம்மாவும் இல்லை.

மறுநாளே கடைக்குப் போனாள். மின்சாதனக் கடை, உள்ளே நுழைந்தாலே டிவிகள் எல்லாம் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். விற்பனையாளர் ஒல்லியான ஆள், வாய் மட்டும் தாராளம்.

"ஸ்பீக்கர்போனா? வாங்க வாங்க. மீட்டிங்ல எத்தனை பேர் சுத்தி உக்காருவாங்க?"

"ஒருத்தர்."

"மறுமுனையில ஒருத்தரா?"

"இந்த முனையில."

அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இது எட்டுப் பேருக்குக் கேக்கும் மேடம். பரவாயில்ல, மிச்ச ஏழு பேர் வர்றப்ப வரட்டும்." சிரித்தார். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

பெட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும், கம்பி இல்லாமல் எவ்வளவு தூரம் எட்டும், கம்ப்யூட்டரோடும் போனோடும் ஒரே நேரத்தில் சேருமா, மேலே தொட்டால் மைக் அணையுமா என்று மளமளவென்று ஒப்பித்தார். அவள் நடுவில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"படுத்திருக்கிறவங்களுக்குப் புரியணும். காது சரியாக் கேக்காத வயசானவங்களுக்கும் புரியணும். வலியில இருப்பாங்க. அவங்க காதுல என் பேச்சு எப்படி விழும்?"

விற்பனையாளர் முதல் முறையாகக் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வட்டமாக, பவுடர் டப்பா மூடி அளவுக்கு இருந்தது. இன்னொன்று பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டி மாதிரி நீளம்.

"இந்த வட்டம் இருக்கே, உங்க குரலைத் தவிர மத்த சத்தத்தை எல்லாம் வடிகட்டிடும். ஃபேன் ஓடினாலும் தெரியாது. இந்தப் பெட்டி வடிகட்டாது, ஆனா குரல் இயல்பா இருக்கும். எது நல்லதுன்னு நான் சொன்னா அது வியாபாரம். ரெண்டும் ஏற்கெனவே பிரிச்ச பீஸ்தான். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க, பிடிச்சதை வச்சுட்டு மத்ததைக் குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, நீங்களே பேசி நீங்களே கேட்டா ஒண்ணும் தெரியாது. யாரையாவது மறுமுனையில வச்சுக் கேளுங்க. உங்க குரலை நல்லாத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

வீட்டுக்கு வந்து இரண்டையும் மேசையில் வைத்தாள். போனைத் திறந்து எண்களைப் பார்த்தாள். நிறுவனம். மேற்பார்வையாளர். காது டாக்டர். எரிவாயு. குழாய் ரிப்பேர்க்காரர். மருந்துக் கடை. அம்மாவின் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. அவள் குரலை நாள் முழுக்கக் கேட்கிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அதை அவள் குரல் என்று தெரிந்தவர் அக்கா ஒருத்திதான்.

அக்கா வேறு ஊரில், கணவர், கல்லூரி போகும் மகள் என்று பெரிய சத்தத்தின் நடுவில் இருப்பவள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அம்மா அக்காவை மனதில் வைத்துத்தான் சொல்வார். கடைசியில் வாயை வைத்துப் பிழைத்தது சின்னவள். சண்டை எதுவும் இல்லை. அம்மா இருந்தபோது இரண்டு பேரும் அம்மாவோடு பேசுவார்கள், அம்மா வழியாக ஒருவர் செய்தி மற்றவருக்குப் போகும். அம்மா போன பிறகு எப்படி நேரடியாகப் பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பூப்படத்தோடு காலை வணக்கம் வரும். இவளும் ஒரு பூ அனுப்புவாள்.

அக்கா எடுத்ததும் கேட்டாள்: "என்னடி சின்னவளே, யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகல."

"பின்ன ஏன் போன் பண்றே?"

"ஒரு மெஷின் வாங்கப் போறேன் அக்கா. என் குரல் எப்படிக் கேக்குதுன்னு நீ சொல்லணும். இப்ப வட்டத்துல பேசுறேன்."

"எதுல?"

"வட்டம். ஒரு ஸ்பீக்கர். எப்படி இருக்கு?"

"ம்... சுத்தமா இருக்கு. ரேடியோவுல செய்தி வாசிக்கிறவ மாதிரி இருக்கே. எங்கே இருக்கே நீ? ஆபீஸ்லயா?"

"வீட்டுலதான். சரி, மாத்துறேன், இரு." வட்டத்தை அணைத்துப் பெட்டியை இணைத்தாள். "இப்ப?"

"அய்யோ!" என்றாள் அக்கா. "என்னடி அது, மாடு கத்துற மாதிரி?"

"எது?"

"ஊஊன்னு ஒரு சத்தம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஃபிரிட்ஜ்."

"அம்மா வாங்கின அதே ஃபிரிட்ஜா? இன்னுமா உயிரோட இருக்கு? அது என்ன திடுதிடுன்னு?"

"மேல் வீட்டுக் குழந்தை. ஓடும்."

"ஜன்னலைத் திறந்து வச்சிருக்கியா? யாரோ ஹாரன் அடிக்கிறாங்க. ஏய், நாற்காலியில இன்னும் அந்தக் கிறீச் போகலையா? எண்ணெய் விடுன்னு அன்னைக்கே சொன்னேனே." அக்கா சிரித்தாள். "இது நல்லா இருக்குடி. இப்பத்தான் உன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. முன்னாடி பேசினப்ப நீ எங்கேயோ வானத்துல இருந்தே."

"அக்கா, நீ ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்னு வச்சுக்கோ. வயசாயிடுச்சு, காது மந்தம். அப்ப எது வேணும்?"

"எனக்கென்ன வயசாயிடுச்சு?"

"வச்சுக்கோன்னுதானே சொன்னேன்."

"அப்ப வட்டம்தான்," என்றாள் அக்கா. "மாடு கத்துற சத்தத்துல டாக்டர் சொல்றது எப்படிப் புரியும்? ஆனா என்கிட்ட பேசுறதுக்குப் பெட்டி."

இரண்டையுமே வாங்கினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவதற்குத் தனியாக ஒரு மெஷினா என்றும் தோன்றியது. மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "யார் கேட்டுச் சொன்னாங்க மேடம்?" என்று விற்பனையாளர் கேட்டார். "எங்க அக்கா" என்றாள். கடையைவிட்டு வெளியே வந்த பிறகும் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னது நாக்கில் இருந்தது.

பரிசோதனைக்காரர் வியாழக்கிழமை காலை வீடியோவில் வந்தார். தமிழ் தெரியாதவர். முகத்தில் சலித்துப்போன நிதானம். காலையிலிருந்து இதே வேலையாக இருந்திருக்க வேண்டும். அவள் மேசை நடுவில் வட்டத்தை வைத்து, பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைத்திருந்தாள். அழைப்பு வந்தால் மருந்தின் அளவு, தேதி எல்லாம் தப்பாமல் இருக்கக் குறித்துக்கொள்வது வழக்கம். கை அதுவாகவே பேனாவை எடுத்தது.

"குரல் நன்றாக வருகிறது," என்றார் அவர் ஆங்கிலத்தில். "இப்போது நீங்கள் இயல்பாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். மெஷின் அளவு பார்க்கும். சொல்லுங்கள், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?"

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாக, தமிழில் சொன்னாள்:

"காலையில எழுந்ததுலேருந்து என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பேனாவைக் காகிதத்தில் வைத்துக் காத்திருந்தாள்.

பதில் வரவில்லை. சில நோயாளிகள் யோசித்துத்தான் பேசுவார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது, மௌனத்தையும் மொழிபெயர்ப்பாளர் மதிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் மதித்தாள். ஃபிரிட்ஜ் ஓடியது. மேலே குழந்தை ஓடியது. வட்டம் இரண்டையும் வடிகட்டிவிட்டு, மறுமுனைக்குத் துளிச் சத்தம் இல்லாத வெறுமையை அனுப்பிக்கொண்டிருந்தது.

பரிசோதனைக்காரர் திரையைத் தட்டிப் பார்த்தார். "ஹலோ? படமும் அசையவில்லை, ஒலியும் இல்லை. லைன் நின்றுவிட்டதா?"

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தது உண்மைதான். அந்த அழைப்பில் மூன்றாவது ஆள் இல்லை என்பது மெதுவாக உறைத்தது. கேள்வி அவளுக்குத்தான். காது மடல் சூடானது.

"இல்லை, இருக்கிறேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

"அப்படியானால் சொல்லுங்கள்."

"காபி போட்டேன்."

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். வேறு என்ன செய்தாள்? எழுந்தாள். குளித்தாள். அதையெல்லாம் ஒருவரிடம் சொல்வார்களா? ஒரு நோயாளியின் மூன்று வருஷக் கதையை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவளுக்குத் தன் ஒரு காலையைச் சொல்ல வாக்கியம் கூடவில்லை.

"ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றுதான் நான் குறிக்க வேண்டியிருக்கும்," என்றார் அவர், கோபமில்லாமல். "நாளைக்கு ஒரு முறை பார்ப்போம். அதுதான் கடைசி."

மத்தியானம் அவளாகவே அக்காவைக் கூப்பிட்டாள்.

"இப்ப யாரு?" என்றாள் அக்கா.

"யாரும் இல்ல. அக்கா, நீ என்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். காலையிலேருந்து என்ன பண்ணேன்னு கேளு."

"இது என்னடி புது விளையாட்டு?"

"கேளேன்."

"சரி. காலையிலேருந்து என்ன பண்ணே?"

"காபி போட்டேன்."

"அப்புறம்?"

"குடிச்சேன்."

"அடேங்கப்பா. அப்புறம்?"

"வேலை."

"ஏண்டி, தந்தி அடிக்கிறதா இருந்தாக்கூட இதைவிட நாலு வார்த்தை கூட வருமே. காபி நல்லா இருந்துச்சா, பால் திரிஞ்சு போச்சா, குடிக்கிறப்ப எங்கே உக்காந்தே, எதைப் பார்த்தே? சொல்லு."

"ஜன்னல் பக்கத்துல நின்னேன்."

"நின்னுக்கிட்டா குடிப்பாங்க? ஏன் உக்காரல?"

"ஒரு நாற்காலிதான் இருக்கு. அது வேலை மேசையில. அதுல உக்காந்தா வேலை ஆரம்பிச்ச மாதிரி இருக்கும்."

அக்காவின் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள்.

"அம்மா நாற்காலி என்னாச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"உள் அறையில இருக்கு."

"அதை எடுத்து ஜன்னல்கிட்ட போட வேண்டியதுதானே?"

"போடலாம்."

"நாளைக்கு அந்த ஆள் கேட்டா இதைத்தான் சொல்லு. நின்னுக்கிட்டே காபி குடிச்சேன், எங்க அக்கா திட்டினான்னு சொல்லு. அவர் அளவு எடுத்துக்கட்டும்."

வெள்ளிக்கிழமை அதே ஆள், அதே நிதானம். "எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம்," என்றார். "எனக்குப் புரிய வேண்டியதில்லை. மெஷினுக்குச் சத்தம்தான் வேண்டும்."

அது அவளுக்குப் பெரிய சலுகையாக இருந்தது. தமிழிலேயே தொடங்கினாள்.

"காலையில எழுந்தேன். அலாரம் வைக்கிறதில்ல. மேல் வீட்டுக் குழந்தை ஓட ஆரம்பிச்சதும் எழுந்துடுவேன். அது பையனா பொண்ணான்னு எனக்குத் தெரியாது. படியில ஒரு நாள் சின்னச் செருப்பு ஒண்ணு கெடந்துச்சு, சிவப்பு. எடுத்து அவங்க வாசல்ல வச்சேன், கதவைத் தட்டல. தட்டியிருக்கலாம். காபி போட்டேன். பால் கொஞ்சம் அடி பிடிச்சுடுச்சு. இன்னைக்கு எங்க அம்மா நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்து குடிச்சேன். இழுக்கிறப்ப ஒரு கால் ஆடுச்சு. அம்மா எப்பவும் ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்தது இடுப்பு வலியாலன்னு நினைச்சிருந்தேன். நாற்காலி ஆடினதாலதான் போல. ஒரு நாளும் சொன்னதில்ல. மீட்டிங் நடக்குதேன்னு சத்தம் போடாம..."

"போதும்," என்றார் பரிசோதனைக்காரர். "அளவு கிடைத்துவிட்டது. மிகவும் தெளிவு. ஒரு இடத்திலும் உடையவில்லை."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்கள் அழைப்புகளை எடுக்கத் தொடங்கலாம். வாழ்த்துகள்." அவர் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார். திரையில் அவள் முகமும் வெறும் சுவரும் கொஞ்ச நேரம் இருந்து அணைந்தன.

உடனே அழைப்புகள் வந்தன. மத்தியானத்துக்குள் அவளுக்குத் தைராய்டு, தோல் தடிப்பு, நிற்காத இருமல். குரல்கள் ஹெட்செட்டில் இருந்ததுபோலத் தலைக்குள் இல்லாமல், மேசைமேல், எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல வந்தன. "நீ நல்லா இருக்கணும்மா" என்றார் இருமல்காரர் முடிவில். விதிப்படி அதை டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். டாக்டர் நன்றி சொன்னார்.

மாலையில் வேலை முடிந்ததும் போனை எடுத்தாள். அது தானாகவே வட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

"பாஸ் ஆயிட்டேன் அக்கா."

"பார்த்தியா! அக்கா திட்டினதைச் சொன்னியா?"

"அதுக்குள்ள போதும்னுட்டார்."

"அறிவு கெட்டவன். நல்ல இடத்துல நிறுத்தியிருக்கான். என்னதான் சொன்னே, எனக்குச் சொல்லு... இரு இரு, கீழே யாரோ கூப்பிடுறாங்க. பார்சல் போல. வச்சிடாதே, வந்துடறேன்."

அக்கா போனை எங்கோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பு, படி. அதன் பிறகு அக்காவின் வீடு மட்டும்.

அக்காவின் போன் எதையும் வடிகட்டாது. எங்கோ டிவியில் யாரோ பொருள் விற்றார்கள். கடிகாரம் இருந்தது. காற்றில் ஒரு கதவு பாதி சாத்தி, பாதி திறந்தது. தூரத்தில் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழிருந்து அக்காவின் குரல் நூலாக வந்தது. பார்சல்காரர் போய்விட்டார் போல, இப்போது ஒரு பெண்ணோடு பேச்சு. யாருடைய மருமகளோ பேச்சில் அடிபட்டாள். இது இப்போதைக்கு முடிகிற பேச்சு இல்லை.

அவள் வைக்கவில்லை. டாக்டர் அறிக்கை எடுக்கப் போகும்போதெல்லாம் லைனில் சும்மா இருந்து பழக்கம்தான். வட்டத்தை ஜன்னலோரம் எடுத்துப் போய் அம்மா நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

காலடிச் சத்தம் நெருங்கியது. அக்கா மகள்.

"அம்மா, உன் போன் ஆன்லயே கெடக்கு! ஹலோ? யாரு?" ஒரு நொடி. "யாரும் இல்லையே. லைன் செத்துக் கெடக்கு."

"இருக்கேன், இருக்கேன்! வச்சிடாதே!" என்றாள் அவள். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"யாரு... சித்தியா? பயந்துட்டேன் சித்தி! ஒரு மூச்சுச் சத்தம்கூட வரல."

"இந்த மெஷின் அப்படித்தான். நான் வாயைத் திறந்தாத்தான் இங்கே ஆள் இருக்குன்னு தெரியும். சரி, அதை விடு, ஓடு, வாளி வழியப் போகுது."

"எந்த வாளி?"

"உங்க வீட்டு வாளிதான். தண்ணி விழுற சத்தம் மாறிடுச்சு, விளிம்புக்கு வந்துடுச்சு. போ."

"ஐயோ, அம்மா திறந்து விட்டுட்டுப் போயிட்டாங்களா!" ஓட்டம். குழாய் நின்றது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "சரியா விளிம்புல இருந்துச்சு! வீட்டுக்குள்ள இருக்கிற எனக்கே கேக்கல, உங்களுக்கு எப்படி சித்தி?"

"சும்மா கேட்டுட்டு இருந்தேன்."

"எவ்ளோ நேரமா?"

"அம்மா கீழே போனதிலேருந்து."

பெண்ணுக்குச் சித்தியோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இவளுக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து என்ன பண்ணே என்று கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், கேட்கவில்லை.

"அம்மா வர நேரமாகும் சித்தி. எதிர் வீட்டு ஆன்ட்டி கிடைச்சுட்டாங்க. நான் படிக்கணும். வச்சிடவா?"

"வேணாம்மா. அப்படியே வையி. அம்மா வரட்டும்."

"சும்மாவேவா?"

"சும்மாவேதான்."

"சரி," என்றாள் பெண், கொஞ்சம் வியப்போடு. போன் மரத்தின்மேல் மெல்ல வைக்கப்பட்டது. நாற்காலி இழுபட்டது, பக்கம் புரண்டது. சற்று நேரத்தில், யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில், பெண் பாடத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒரு இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கி, தன்னைத் தானே திட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

அவள் கையை நீட்டி வட்டத்தின் சத்தத்தை ஒரு படி ஏற்றினாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. விளக்குப் போட எழுந்திருக்கவில்லை.